காற்றும் வலவனும்: வெப்பவளிப் பலூன் போட்டி பற்றி ஓர் ஆராய்வு

மனிதன் ஏறிச் செல்லும் ஊர்திகளுள் ஓட்டுவோன் கைக்குப் பெரிதும் அடங்காதது பலூன் ஆகும். தோணிக்குச் சுக்கானும் பாயும் உள; வண்டிக்கு நுகமும் கடிவாளமும் உள; ஆகாய விமானத்துக்குப் பொறியும் வாலும் உள. பலூனுக்கோ இவற்றுள் ஒன்றேனும் இல்லை. காற்று எத்திசை செல்லுமோ அத்திசையே அதுவும் செல்லும். அங்ஙனமாக, இவ்வூர்தியைக் கொண்டு உலக நாடுகள் பலவும் கூடி ஈராண்டுக்கு ஒருமுறை போட்டி நடத்துகின்றன என்றும், வென்றவர்க்கு உலக வாகையர் எனப் பட்டம் சூட்டுகின்றன என்றும் வகுப்பிலே நாம் ஒருநாள் கூறியபோது, மேல்வகுப்பு மாணாக்கர் சிலர் நகைத்தனர். காற்றடித்த பக்கம் போனவனுக்குப் பரிசளித்தல், சீட்டுக் குலுக்கிப் பரிசளித்தல் போன்றதன்றோ என்று ஒருவர் வினவினார். வினா தக்கதே. அதற்கு விடை காணும் பொருட்டே இக்கட்டுரை எழுதலாயிற்று. தமிழாசிரியர்க்கு வானூர்தியில் என்ன வேலை என்று பழைய மாணவர் எவரேனும் கேட்பாராயின், காற்றுக்கு நான்கு திசையிலும் நான்கு பெயரிட்டு வழங்கிய மொழியைக் கற்பிப்போர்க்குக் காற்றைப் பற்றிச் சிறிது பேசும் உரிமை உண்டு என்பதே எமது மறுமொழி.

முதற்கண் பலூன் எழும் வகையை அறிதல் வேண்டும். எம்மூர் விழாக்களிலே கடதாசி ஒட்டிப் புகையூட்டி விடும் புகைக்குண்டைக் காணாதார் இலர். அதன் தத்துவமே இதன் தத்துவமும் ஆகும். வளி சூடேறியவிடத்து விரியும். விரிந்த வளி அதே கொள்ளளவு கொண்ட குளிர்வளியினும் நிறை குறைந்ததாகும். போட்டிகளில் வழங்கும் நடுத்தரமான பலூன் ஒன்றின் உறை ஏறக்குறைய 2200 கனமீற்றர் வளியைக் கொள்ளும் என வைத்துக்கொள்வோம். கடல்மட்டத்திலே 15 பாகை செல்சியசு வெப்பநிலையில் இத்துணை வளியின் நிறை ஏறக்குறைய 2695 கிலோகிராம் ஆகும். அதே வளியை 100 பாகைக்குச் சூடாக்கின், உறையினுள் எஞ்சி நிற்பது 2080 கிலோகிராம் அளவே. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடாகிய 600 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்டதே பலூனின் தூக்குவலு. நைலோன் உறை, பிரம்புக் கூடை, புரொப்பேன் வாயு நிறைந்த கலங்கள், அவ்வாயுவை எரிக்கும் அடுப்பு, ஆட்கள் ஆகிய யாவும் இவ்வளவுக்குள் அடங்குதல் வேண்டும். வளி என்றால் நிறையற்றது என்று எண்ணியிருப்போர், ஒரு பலூனுக்குள் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட வளி தங்குகின்றது என்பதைக் கேட்டு வியப்புறுவர்.

அடுப்பை எரித்தால் பலூன் ஏறும். எரியாது விட்டாலோ, உச்சியிலுள்ள கதவைக் கயிற்றால் இழுத்துச் சூட்டு வளியை வெளிவிட்டாலோ இறங்கும். வலவனுக்கு உள்ள ஆட்சி இவ்வளவே: ஏறலாம், இறங்கலாம். அதுவும் உடனே நிகழ்வதன்று. அடுப்பை எரித்துச் சில கணங்கள் கழிந்த பின்னரே பலூன் இணங்கும். ஆதலின் இறங்கிவரும் பலூனை மரத்துக்கு மேலே நிறுத்த விரும்பும் வலவன், மரம் அண்மையில் வருமுன்னரே எரித்தல் வேண்டும். கண்ணுக்குத் தெரிந்த பின் செய்பவன் பிந்தியவனாவான்.

இனி வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். பிரான்சு நாட்டு அனொனே என்னும் ஊரிலே 1783 யூன் 4ஆம் நாள் மொங்கொல்பியே உடன்பிறந்தார் முதன்முதல் பலர் காணத் தம் பலூனை எழுப்பினர். அவ்வாண்டு செத்தெம்பரில் வெர்சாயில் அரண்மனை முன்றிலிலே ஓர் ஆடும் ஒரு தாராவும் ஒரு சேவலும் ஏற்றப்பட்டன. நவம்பர் 21ஆம் நாள் பிலாத்திர த உரோசியே என்பாரும் மார்க்கி தார்லாந்து என்பாரும் பாரிசு நகரின் மேலாக ஏறக்குறைய 25 நிமிடம் பறந்தனர். பத்து நாட்களின் பின் சார்ல் என்னும் விஞ்ஞானி ஐதரசன் வாயு நிரம்பிய பலூனில் எழுந்தார். எரியும் வைக்கோலைச் சுமந்து திரியவேண்டாத வாயுப் பலூன் வந்தபின், வெப்பவளிப் பலூன் நூற்றெழுபது ஆண்டுக்கு மேலாக மூலையில் கிடந்தது என்றே சொல்லலாம்.

முதற்பெரும் போட்டியும் வாயுப் பலூனுக்கே உரியதாயிற்று. கோர்டன் பெனற் என்னும் பத்திரிகையதிபர் அளித்த கிண்ணத்துக்காக 1906 செத்தெம்பர் 30ஆம் நாள் பாரிசு நகரத் துய்லரி பூங்காவிலிருந்து 16 பலூன்கள் எழுந்தன. யார் மிகத் தொலைவில் இறங்குவாரோ அவரே வென்றவர் என்பது விதி. கடல் கடந்து இங்கிலாந்தின் யோக்சயர் வரை 647 கிலோமீற்றர் சென்ற அமெரிக்கப் படையலுவலர் பிராங்கு லாம் வென்றார். இன்றும் நடைபெறும் அப்போட்டியின் ஏட்டிலே துன்பப் பக்கங்களும் உள. 1923இல் பிரசல்சு நகரிலிருந்து புறப்பட்டோருள் ஐவர் இடிமின்னல் தாக்கி இறந்தனர். 1995இல் பெலாருசு நாட்டின் வான்பரப்புக்குள் காற்றோடு சென்ற பலூன் ஒன்றை அந்நாட்டுப் படை உலங்குவானூர்தி சுட்டுவீழ்த்த, அமெரிக்கர் இருவர் மாண்டனர். காற்று நாட்டெல்லை அறியாது. அதனோடு செல்வோனை எல்லைகாப்போர் அறிந்துகொள்வதும் இல்லை.

வெப்பவளிப் பலூன் மீண்டும் உயிர்பெற்றது 1960 ஒற்றோபர் 22ஆம் நாளிலே. அன்று ஐக்கிய அமெரிக்காவின் நெபிராசுக்கா மாநிலத்துப் புரூனிங்கு என்னும் ஊரில் எட் யோசுற் என்பார், புரொப்பேன் அடுப்புப் பொருத்திய நைலோன் பலூனில் ஏறி ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகப் பறந்தார். எரிபொருளைத் தன்னுடன் கொண்டு, வேண்டியபோது எரித்து, வேண்டாதபோது நிறுத்தும் வசதி வந்தமையால், வலவனுக்கு ஏற்ற இறக்கங்களின்மேல் நுண்ணிய ஆட்சி கிடைத்தது. பதின்மூன்று ஆண்டுகளில், 1973இல், நியூ மெக்சிக்கோவின் அல்புகேர்க்கி நகரிலே முதலாவது உலக வெப்பவளிப் பலூன் வாகைப் போட்டி நிகழ்ந்தது. அமெரிக்கராகிய டெனிசு புளோடன் வென்றார்.

இப்போட்டி தொலைவைப் பொருட்படுத்துவதன்று, வேகத்தையும் பொருட்படுத்துவதன்று. இங்கே அளக்கப்படுவது குறிதவறாமை ஒன்றே. ஊர்ப்புறத்துச் சந்தியொன்றிலோ வயலொன்றிலோ துணியால் பெரிய சிலுவைக் குறி விரிக்கப்படும். அது இலக்கு. நெடிய துணிவால் தைத்த சிறிய நிறைகொண்ட அடையாளப் பையொன்றை வலவன் பலூனிலிருந்து விடுவான். பை வீழ்ந்த இடத்துக்கும் இலக்கின் நடுவுக்கும் உள்ள தூரத்தை நடுவர் அளப்பர். குறைந்த தூரமே வெற்றி. பறப்பு ஐந்தாறு கிலோமீற்றராக இருக்க, வெற்றியை முடிவுசெய்வது சில சென்ரிமீற்றராக அமைதலும் உண்டு.

பணிகள் பலவகை. ஒன்றிலே நடுவர் இலக்கைக் குறிப்பர். ஒன்றிலே வலவன் தானே, புறப்படுமுன், நான் இன்ன இடத்தை அடைவேன் என எழுதிக்கொடுத்துப் பின் அச்சொல்லைக் காத்தல் வேண்டும். இன்னொன்றிலே இலக்குக் குறிக்கப்பட்டிருக்கும். புறப்படும் இடத்தையே வலவன் தேடிக் கொள்ளவேண்டும். விதித்த தூரத்துக்கு அப்பால் வண்டியிலே அலைந்து, காற்று எவ்வயலிலிருந்து இலக்கை நோக்கிச் செல்கின்றதோ அவ்வயலைக் கண்டுபிடித்து, நிலத்துக்குரியவரிடம் இசைவு பெற்று எழுவர். தயக்க நடனம் எனப் பொருள்படும் பெயர்கொண்ட பணியிலோ இலக்குகள் பல இருக்கும். எதனை நாடுவது என்பதைப் பறந்துகொண்டே துணியலாம். முயலும் வேட்டைநாயும் என்னும் பணியில் ஒரு பலூன் முன்னே எழுந்து, ஏறியும் இறங்கியும் போக்குக்காட்டி, ஓரிடத்தில் இறங்கிக் குறியை விரிக்கும். ஏனையவை துரத்திச் சென்று அக்குறியருகே பையிடவேண்டும். முழங்கை என்பது எமக்கு மிகப் பிடித்தது. அதிலே ஒரு திசை நோக்கிச் சென்ற பலூனை எவன் மிகுதியாக வளைத்துத் திருப்புகின்றானோ அவனே வெல்வான். சுக்கானில்லாத ஊர்தியைத் திருப்புதலே அங்குப் போட்டி!

திருப்புதல் எங்ஙனம் கூடும் என்பதே இவ்வாராய்வின் உயிர்நிலை. காற்று ஒன்றன்று, பல. நிலத்தை ஒட்டி வீசும் காற்று மரத்திலும் மேட்டிலும் உராய்ந்து வேகம் குன்றும். மேலே செல்லச் செல்ல உராய்வு குறையும், வேகம் மிகும், பூமியின் சுழற்சியால் திசையும் மாறும். நிலநடுக்கோட்டுக்கு வடபாலுள்ள நாடுகளில் மேலேறுந்தோறும் செல்திசை பெரும்பாலும் வலப்புறமாகத் திரும்பும். தென்பாலுள்ள நாடுகளில் இடப்புறமாகத் திரும்பும். மலையும் பள்ளத்தாக்கும் உள்ள இடங்களில் வேறுபாடு இன்னும் பெரிது. அல்புகேர்க்கியிலே குளிர்காலையில் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய கீழ்க்காற்றுத் தெற்கே செல்ல, மேற்காற்று வடக்கே செல்வதுண்டு. தேர்ந்த வலவர் கீழே தெற்கு நோக்கிச் சென்று, ஏறி, வடக்கு நோக்கி மீண்டு, புறப்பட்ட திடலிலேயே வந்திறங்குவர். பெட்டி என்பது அதற்கு அவ்வூரார் இட்ட பெயர்.

ஆகவே வலவன் காற்றை ஓட்டுபவனல்லன். காற்றுகளுள் ஒன்றைத் தெரிபவன். வாடை, தென்றல், கொண்டல், கோடை என நம் முன்னோர் பிரித்ததும், சோளகம், கச்சான் என நம் கடற்றொழிலாளர் பிரிப்பதும் வரும் திசையையும் காலத்தையும் பற்றியனவாம். பலூன் வலவனோ ஒரே காலையில் உயரம் பற்றிப் பிரிக்கின்றான். இங்கே ஒன்று நினைவிற்கொள்க: காற்றுக்குப் பெயர் அது வரும் திசையாலே, பலூனுக்கு வேண்டியது அது செல்லும் திசை. வாடை என்றால் பலூன் தெற்கே போகும்.

கணிதம் பயில்வோர்க்காக ஓர் எடுத்துக்காட்டுத் தருதும். கீழ்க்காற்று நேர் வடக்கு நோக்கி மணிக்கு 10 கிலோமீற்றர் செல்கின்றது. மேற்காற்று வடக்கிலிருந்து கிழக்கே 30 பாகை சாய்ந்து மணிக்கு 20 கிலோமீற்றர் செல்கின்றது. இலக்கு, வடக்கிலிருந்து கிழக்கே 10 பாகை சாய்ந்து 5 கிலோமீற்றர் தொலைவில் உளது. கீழ்க்காற்றையே நம்பியவன் இலக்குக்கு மேற்கே ஏறக்குறைய 870 மீற்றர் விலகிப் போவான். மேற்காற்றையே நம்பியவன் கிழக்கே ஏறக்குறைய 1700 மீற்றர் விலகுவான். இரண்டையும் கலந்தவனுக்கோ வழி உண்டு. மேற்காற்றில் 1.74 கிலோமீற்றரும் கீழ்க்காற்றில் 3.42 கிலோமீற்றரும் செல்லின் இலக்கு நேரே காலடியில் வரும். நேரக்கணக்கில் மேலே 5 நிமிடத்துக்குச் சற்று அதிகம். கீழே இருபதரை நிமிடம். மேலே ஒரேயொரு நிமிடம் கூடுதலாகத் தங்கிவிட்டாலும் கிழக்கே 167 மீற்றர் தவறும். ஏறுதற்கும் இறங்குதற்கும் செல்லும் நேரத்தை இங்கே விட்டுவிட்டோம். வலவன் அதனை விடமுடியாது. அவற்றுக்கிடையே உள்ள நடுக்காற்றுகளையும் அவன் கணக்கில் கொள்ளவேண்டும். எந்தக் காற்றை முதலிற் கொள்வது என்பதும் அவன் துணிவே. பெரும்பாலோர் கீழ்க்காற்றை இறுதிக்கு வைப்பர். தாழ்வாக வந்து பையை விட்டால் குறி தவறாது என்பதே காரணம்.

இக்கணக்குக்கு வேண்டிய எண்கள் எங்கிருந்து வருகின்றன? பொழுது விடியுமுன்னரே துணைவர் ஈலியம் நிரம்பிய சிறு பலூனொன்றை வானில் விட்டு, அது போகும் கோணத்தைக் கருவியால் அளந்து, ஒவ்வோர் உயரத்திலும் காற்றின் திசையும் வேகமும் குறித்துக்கொள்வர். பறப்பு நிகழும்போதும் துணைவர் இலக்கருகே நின்று கீழ்க்காற்றை அளந்து வானொலி மூலம் மேலே அறிவிப்பர். இன்று செய்மதி காட்டும் இடக்குறிப்பும் கணிப்பொறியும் கூடையினுள் உள. முன்பு ஒவ்வொரு பலூனோடும் ஒரு நோக்குநர் சென்று நடந்ததை எழுதுவார். இப்போது பறப்புப் பதிவுக்கருவி அவ்வேலையைச் செய்கின்றது. இத்தனை கருவி வந்தும் பழைய உபாயம் ஒன்று வழக்கொழியவில்லை. முகமழிக்கும் சவர்க்கார நுரையில் ஒரு சிட்டிகையைக் கூடைக்கு வெளியே விட்டு, அது வீழும்போது எப்பக்கம் விலகுகின்றது என்று வலவர் பார்ப்பர். காலடிக்குக் கீழுள்ள காற்றைக் கண்ணாற் காண இதைவிட மலிவான கருவி இல்லை. பலூன் காற்றோடு காற்றாகச் செல்வதால் கூடையினுள் நிற்பவனுக்குக் காற்று வீசுவதாகவே தோன்றாது என்பதையும் மாணாக்கர் அறிக.

இனி வினாவுக்கு வருவோம். வெல்வது நற்பேறா, அறிவா? ஒரு பணியை நோக்கின் நற்பேற்றுக்கு இடம் உண்டு என்பதை மறுத்தல் ஆகாது. எதிர்பாராத வீச்சொன்று தேர்ந்தவனை விலக்கி, தேறாதவனைக் குறியின்மேல் கொண்டுபோய் நிறுத்தலாம். ஆனால் வாகைப் போட்டி ஒரு பணியோடு முடிவதில்லை. பல நாள், காலையும் மாலையும், பல பணிகள். ஒவ்வொரு பணியிலும் முதல்வனுக்கு 1000 புள்ளி. ஏனையோர்க்குத் தரத்துக்கேற்பக் குறையும். எல்லாவற்றையும் கூட்டியே வாகையரைத் தெரிவர். ஒருமுறை கண்மூடி எறிந்த கல் மாங்காயை வீழ்த்தலாம். இருபது முறை எறிந்தவன் கண் திறந்தே எறிந்தான் என்க.

வென்றோர் பட்டியலும் இதற்குச் சான்று பகரும். 1977இல் இங்கிலாந்தின் யோக்கு நகரில் வென்ற அமெரிக்கராகிய போல் வூசுனர், 1979இல் சுவீடன் நாட்டு உப்சாலாவிலும் வென்றார். 1981இல் உலக வாகையரான புரூசு கொம்சுரொக்கு, தம் நாட்டு வாகையை ஆறு முறை சூடியவர். அல் நெல்சு என்பார் 1987இலும் 1991இலும் வென்றார். முதல் ஐந்து போட்டிகளிலும் அமெரிக்கரே வெல்ல, 1983இல் பிரான்சின் நாந்து நகரில் அவுஸ்திரேலியராகிய பீற்றர் விசாட் அவ்வரிசையை முறித்தார். மகளிர்க்கென முதல் உலகப் போட்டி 2014இல் போலந்தின் லெசுனோ நகரில் நிகழ்ந்தது. அதில் வென்ற அவுஸ்திரேலிய நங்கை நிக்கோலா சுகேப், 2016இல் லித்துவேனியாவில் நிகழ்ந்த இரண்டாம் போட்டியிலும் வென்றார். சீட்டுக் குலுக்கலிலே ஒரே பெயர் இத்தனை முறை வருமாயின், குலுக்கியவரைப் பிடித்து விசாரிப்பார்கள் அல்லரோ?

ஆசியாவிலே இக்கலைக்குப் பேரிடம் யப்பானின் கியூசூ தீவிலுள்ள சகா நகரம். நெல்வயல்கள் சூழ்ந்த சமவெளி அது. அறுவடை முடிந்த பின், கசே ஆற்றங்கரையிலிருந்து பலூன்கள் எழுகின்றன. உலக வாகைப் போட்டி அங்கே 1989, 1997, 2016 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்தது. விழா நாட்களில் மட்டும் திறக்கும் புகையிரத நிலையம் ஒன்றும் ஆற்றங்கரையில் உளது. யப்பானியராகிய யூடாய் பூசித்தா 2014இல் பிரேசிலில் நிகழ்ந்த போட்டியில் உலக வாகை சூடினார். தமிழ்நாட்டிலும் பொள்ளாச்சியில் 2015 முதலாகத் தைப்பொங்கலை ஒட்டிப் பலூன் விழா நடைபெற்றுள்ளது; ஆயினும் அது காட்சியேயன்றி வாகைப் போட்டியன்று.

அறுவடை முடிந்த பின் என்றதை ஊன்றி நோக்குக. பலூன் இறங்குமிடம் பிறர் நிலம். விளைந்த பயிரின்மேல் இறங்குதலும், ஆடுமாடுகளை மிரளச்செய்தலும், இசைவின்றி வயலுக்குள் வண்டி செலுத்துதலும் போட்டி விதிப்படி குற்றங்களாம், புள்ளி வெட்டப்படும். தடைசெய்த வலயத்தின் மேல் பறத்தலும் அவ்வாறே. கமக்காரன் முகங்கோணினால் மறுநாள் போட்டி நடவாது என்பதை நடத்துவோர் நன்கு அறிவர்.

மற்றொன்று உயிரைப் பற்றியது. பலூனுக்குப் பெரும் பகை மின்கம்பி. 2016 யூலை 30ஆம் நாள் தெச்சாசு மாநிலத்து லொக்காட் என்னும் ஊரருகே, பயணிகளை ஏற்றிய பலூன் ஒன்று மூடுபனியும் முகிலும் உள்ள காலையிலே பறந்து மின்கம்பியில் மோத, வலவன் உட்பட 16 பேரும் இறந்தனர். அது போட்டியன்று, உலாப் பறப்பு. ஆயினும் போட்டியாளர் அனைவரும் அறிந்து வைத்திருக்கவேண்டிய நிகழ்ச்சி அது. நண்பகலில் நிலம் சூடேறி வளி கொந்தளிக்கும். ஆதலின் பறப்பு விடியற்பொழுதிலும் அந்திக்கு முன்னும் மட்டுமே. விடியுமுன் எழுந்து, பலூனை விரித்து, காற்றளந்து, எல்லாம் ஆயத்தமான பின்னும் காற்று மிகுமாயின் நடத்துநர் சிவப்புக்கொடி ஏற்றுவர். உலகின் மறுகோடியிலிருந்து பெருஞ்செலவிலே வந்தோரும் உறையைச் சுருட்டிக்கொண்டு திரும்புவர். அக்கொடியை எதிர்த்து வாதிடுவோர் அரியர். எம் மாணாக்கர் விளையாட்டுத் திடலிலே நடுவரோடு வாதிடுவதைக் கண்டிருக்கும் எமக்கு இது வியப்பாகவே இருந்தது.

ஒரு கணக்கை மாணாக்கர்க்கு விட்டு அமைகின்றோம். கீழ்க்காற்று நேர் வடக்கே மணிக்கு 8 கிலோமீற்றர். மேற்காற்று வடக்கிலிருந்து கிழக்கே 40 பாகை சாய்ந்து மணிக்கு 16 கிலோமீற்றர். இலக்கு வடக்கிலிருந்து கிழக்கே 15 பாகை சாய்ந்து 6 கிலோமீற்றர் தொலைவில். ஒவ்வொரு காற்றிலும் எத்தனை நிமிடம் தங்கவேண்டும்? பாதி வழியிலே மேற்காற்று மணிக்கு 12 கிலோமீற்றராகத் தணிந்ததாகத் துணைவர் வானொலியிற் சொன்னால், வலவன் என் செய்வான்?